தேசிய மலர் தாமரை

"இந்த மனுஷனுக்கு என்னதான் ஆச்சு?"

ஷர்மினிக்குத் தலையே சுற்றியது. காஹாங் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஹேமநாதன் தினமும் காலை ஆறு மணிக்கு 'இன்றைய தொகுப்பு' போடுவார். வரலாறு, இயற்கை, பண்பாடு, நாட்டு நடப்பு எல்லாம் இருக்கும். பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிபோய்ப் பத்து வருஷமாகியும் ஊர்க் கோயில் குரூப்பை அவர் விடவில்லை. சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது, எல்லைப் பாலத்து ஜாமில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தட்டி அனுப்புவார்.

எல்லாம் சரிதான். ஆனால் தினமும் அதில் ஒரு தப்பு. ஒன்றே ஒன்று!

திங்கட்கிழமை, நம் மாநிலத்துக் குனோங் லேடாங் மலை மலாக்காவில் இருக்கிறதாம். நேற்று, தைப்பூசம் மாசி மாதத்தில் வருகிறதாம்.

போட்ட அஞ்சாவது நிமிஷம் சதாசிவம் ஐயா பாய்ந்து வந்துவிடுவார். செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷர்மினி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, தனியாக இருக்கிறார்.

"லேடாங்கை எப்பய்யா மலாக்காவுக்குத் தூக்கிட்டுப் போனே?" என்று கிழிப்பார். குரூப்பே சிரிக்கும்.

இன்றைக்கு என்னடாவென்றால், நம் மலேசியாவின் தேசிய மலர் தாமரையாம்!

எட்டு மணிக்குக் கோயில் தலைவர் காளிதாஸ் போன் போட்டார்.

"ஷர்மினி, நீதானே அட்மின்? அந்த ஹேமநாதனை குரூப்பிலேருந்து தூக்கிடு. சின்னப் பிள்ளைங்ககூடப் படிக்குது. மானம் போகுது லா!"

ஷர்மினிக்கு ஒன்றும் புரியவில்லை. மேடை ஏறினால் துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷன். நம் தேசிய மலர் செம்பருத்தி என்று அவருக்கா தெரியாது? மறதி நோயோ? நோய் என்றால் மற்றதெல்லாம் எப்படிச் சரியாக இருக்கிறது?

சொல்லாமல் தூக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஹேமநாதனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களை குரூப்பிலேருந்து எடுக்கச் சொல்றாங்க. தாமரைன்னு போட்டிருக்கீங்களே..."

"சதாசிவம் ஐயா திட்டிட்டாரா?"

"இல்லையே. இன்னும் ஒண்ணும் போடல."

"அலமாக்! வேலைக்குள்ள நுழைஞ்சதுல நான் போனைப் பார்க்கலையே! ஷர்மினி, உடனே அவர் வீட்டுக்கு ஓடும்மா. கதவைத் தட்டு!"

திட்டு வாங்குறதுக்கு இப்படியும் ஒரு ஆள் துடிப்பாரா? குழப்பத்தோடே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தட்டினாள், கத்தினாள். பதிலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பூட்டை உடைத்தார். குளியலறையில் சதாசிவம் ஐயா வழுக்கி விழுந்து கிடந்தார். நல்ல வேளை, மூச்சு இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

சாயங்காலம் வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார் ஹேமநாதன்.

"அண்ணே, அவர் விழுந்தது அங்க இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சம்சாரம் போனதிலேருந்து யார்கிட்டயும் பேசமாட்டாரு. தினமும் 'நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா'ன்னு கேட்டுப் பார்த்தேன். ஒரு பதில் வராது. தப்பைப் பார்த்தா மட்டும் அவருக்கு அஞ்சு நிமிஷம் கை சும்மா இருக்காது. அதான்மா, தெரிஞ்சே தினமும் ஒண்ணு போட்டுக்கிட்டு இருக்கேன்."