எங்கே குடியிருக்கிறார்?

“உள்ளே போய் உண்மையை உளறி வெச்சிடாதே, புரியுதா?”

விசாரணை அறைக்கு வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கணவன் கறாராகச் சொன்னான். மனைவி தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதிகம் செய்த வேலை அதுதான்.

“நான் லீவுக்கு லீவு வந்து தங்கறது, வீட்டுச் செலவைப் பார்த்துக்கறது, இதெல்லாம் வாயில வரவே கூடாது.”

“சரிங்க.”

“கேட்டா என்ன சொல்லுவே?”

“நீங்க எங்ககூட குடியிருக்கலை. எப்பவாவது வந்துட்டுப் போவீங்க. அவ்வளவுதான்.”

தானே வந்து சாட்சி சொல்வதாக அவள் சொன்னபோது கணவனுக்கே ஆச்சரியம். இவளுக்குக்கூட புத்தி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

“ஆடிட்டர் சார், இவளுக்கு இன்னொரு தடவை விளக்கிடுங்க.”

ஆடிட்டர் பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கியிருந்தார்.

“மேடம், சாருக்கு இங்கேயும் வீடு இருக்கு, அவர் பாலம் கட்டற நாட்டுலயும் வீடு இருக்கு. ‘இவர் எங்க ஆளு, வரி எங்களுக்குத்தான்’னு ரெண்டு நாடும் மல்லுக்கட்டுது. ரெண்டு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கு. வீடு ரெண்டு இடத்துலயும் இருந்தா, மனுஷனோட வாழ்க்கை எங்கே இருக்குன்னு பார்க்கணும்னு அதுல போட்டிருக்கு. அதுலதான் சண்டை. சமரசம் பேசிப் பார்த்தாங்க, படியலை. அதான் நடுவர்கிட்ட வந்திருக்கு. அவங்க சொல்றதை ரெண்டு நாடும் ஏத்துக்கணும்.”

“அங்கேன்னு சொல்லிட்டா?”

“அங்கே வரி ரொம்பக் கம்மி. சார் பிழைச்சார். இங்கேன்னு சொல்லிட்டா, இத்தனை வருஷம் சம்பாதிச்சதுல பாதியைக் கக்கணும்.”

கதவு திறந்தது. மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

நீளமான மேஜையின் இரண்டு முனையிலும் இரண்டு நாட்டு அதிகாரிகள், பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட நடுவர் அம்மாள்.

“உங்க வீட்டுக்காரர் துணிமணியெல்லாம் எங்கே இருக்கும்மா?”

“அவர் பெட்டியிலதாங்க. அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். காலியாவே கிடந்தது. இப்போ பொண்ணு புத்தகம் அடுக்கியிருக்கா.”

“குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?”

“எதிர் வீட்டு அக்காவை. மழைக்காலத்துல நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவும் அவங்கதான் கூட இருந்தாங்க.”

“அப்பாவுக்குச் சொல்லலையா?”

“சொன்னேன். மீட்டிங்ல இருக்கேன்னு போனை வெச்சுட்டார். அப்புறம் கூப்பிடலை.”

கணவன் மேஜைக்கு அடியில் ஆடிட்டருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

உள்நாட்டு அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. “பெண்டாட்டி, பிள்ளை இங்கே. வாழ்க்கை மட்டும் வேற எங்கேயோவா?” என்றவர், சட்டென்று கணவன் பக்கம் திரும்பினார். “உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறா?”

“மூணு… இல்ல, நாலு.”

“ஆறு,” என்றாள் மனைவி.

அவனுக்கு வெட்கமாக இல்லை. தன் பக்கம் ஒரு மதிப்பெண் கூடிய சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

“அப்போ அந்த வீட்ல இவர் யாரும்மா?” என்று கேட்டார் அதிகாரி, சலிப்போடு.

“விருந்தாளிங்க. வந்ததுலேர்ந்து போறவரைக்கும் குறை சொல்ற விருந்தாளி.”

இரண்டு அதிகாரிகளும் முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நடுவர் கணவனைப் பார்த்தார். “இவங்க சொன்னதுல மறுக்க ஏதாவது இருக்கா?”

அவன் எழுந்தான். அவள் தலையைத் தூக்கி அவனையே பார்த்தாள்.

“எழுத்துக்கு எழுத்து சரிங்கம்மா. நான் இவங்ககூட வாழ்ந்து வருஷக்கணக்காச்சு. சத்தியமாச் சொல்றேன்.”

அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. ஆடிட்டர் அறையில் கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய வாழ்க்கை வெளிநாட்டில்தான் என்று நடுவர் சொல்லிவிட்டார். இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

“என்னமா நடிச்சே! ஒரு பொய்யிலகூடத் தடுமாறலையே! சொல்லு, உனக்கு என்ன வேணும்?”

“ஒரு பொய்யும் சொல்லலீங்க. ஒண்ணையாவது நீங்க எழுந்து இல்லைன்னு சொல்ல மாட்டீங்களான்னுதான் கடைசிவரைக்கும் பார்த்துட்டிருந்தேன்.”

அவள் ஆடிட்டரிடம் திரும்பினாள்.

“சார், இந்த முடிவை என் வக்கீலுக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க.”

“வக்கீலா? உனக்கெதுக்கு வக்கீல்?”

“பிரிஞ்சு போறேன்னு சொல்றப்பல்லாம், ‘உன்கூடத்தான் வாழறேன்னு கோர்ட்டுல சாதிப்பேன், பொண்ணையும் பிடுங்கிக்குவேன்’னு மிரட்டுவீங்களே… நாளைக்கு விவாகரத்து மனு போடறேன். நீங்க எங்ககூட வாழலைன்னு இப்போ ரெண்டு அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு.”