ஓர் உரப்பை நிறையச் செடி

கையும் களவுமாகப் பிடிபட்டார் அபூதாஹிர். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கொத்துச் செடி, முதுகில் பாதி நிரம்பிய உரப்பை. இடமோ, ஓர் இலையைக் கிள்ளினாலும் வழக்குப் போடுகிற தீவுப் பூங்கா.

பிடித்தவர் பிரகலாதன். எங்கெங்கே என்னென்ன செடிகள் கூட்டாக வளர்கின்றன என்று தீவு முழுவதற்கும் வரைபடம் போட வந்த அதிகாரி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சுற்று எண்ணி முடித்து, மழைக்குப் பிறகு மறுபடி எண்ண அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். வந்ததும் வராததுமாகக் கள்ளனே அகப்பட்டால் யாருக்குத்தான் உற்சாகம் வராது?

"என்ன காணும் இது?"

"செடி, சேர்."

"செடியெண்டு எனக்குத் தெரியாதோ? நான் படிச்சதே அதைத்தான்! ஆருக்குக் கொண்டுபோறீர்? ஆட்டுக்கோ?"

"என்னட்ட ஆடு இல்ல, சேர்."

"மருந்துக்கெண்டு பரியாரிக்கு விக்கவோ?"

"இல்ல, சேர்."

"அப்ப என்ன, சோத்துக்குக் கீரைச் சுண்டலோ?"

அபூதாஹிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்புத்தான் பிரகலாதனைச் சுட்டது.

நிலாவெளிக் கரையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அபூதாஹிரின் பிழைப்பு ஓடுகிறது. தீவில் படகு நிறுத்துகிற பெர்மிட் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது பிரகலாதனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"கஜந்தி, முறைப்பாடு எழுதுங்கோ. இவற்ற பெர்மிட்டை வெட்டச் சொல்லி."

உதவியாளர் கஜந்தி பேனையை எடுத்தாள். "என்ன செடியெண்டும் எழுதோணுமே, சேர்."

அதுவரை கள்ளனைப் பார்த்தாரே தவிர, பிரகலாதன் செடியைப் பார்க்கவில்லை. கஜந்திதான் உரப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"எல்லாம் நாயுருவி, சேர். போன சுற்றில தீவில ஒண்டுகூட இருக்கேல்லையே!"

பிரகலாதன் துள்ளிக் குதித்தார். களவு ஒரு பக்கம் கிடக்கட்டும், வெளிச்செடி ஒன்று தீவுக்குள் புகுந்துவிட்டது! விட்டால் நாலு மழைக்குள் தீவுச் செடிகளையெல்லாம் அமுக்கிவிடும். அவர் நெஞ்சு உண்மையாகவே பதறியது.

"இது காத்தில வராது. இதின்ர விதை உடுப்பில ஒட்டித்தான் வரும். எவனோ ஒரு அறிவுகெட்டவன் ஊர் முழுக்கத் திரிஞ்ச உடுப்போட, ஒரு தட்டுத் தட்டாம இங்க இறங்கியிருக்கிறான். களவைவிட இது பெரிய குற்றம்! அவனை ஆயுசுக்கும் தீவில கால் வைக்க விடக்கூடாது. அதையும் எழுதுங்கோ!"

கஜந்தி ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

"சேர், அத எழுத வேணாம்" என்றார் அபூதாஹிர் மெல்ல. "மிச்சத்தையும் நான் பிடுங்கிப்போடுறன். இதோட விட்டிருங்க."

"ஓகோ, ஆளைத் தெரியும்போல! உம்மட சொந்தக்காரனோ?"

"சொந்தமில்ல, சேர். பழக்கம்."

"பேரைச் சொல்லும்!"

"ஏலாது, சேர்."

"அப்ப பிடுங்கின இடத்தைக் காட்டும். கரைப்பக்கமெண்டா சுற்றுலாக்காரர், பாறைப்பக்கமெண்டா மீன்காரர். ஆளை நான் பிடிக்கிறன்."

அபூதாஹிர் தலையைச் சொறிந்தார். பிறகு வேண்டா வெறுப்பாக முன்னால் நடந்தார்.

கரையில் நிற்கவில்லை. பாறையடியிலும் நிற்கவில்லை. நேரே பற்றைக்காட்டுக்குள் போய், நாலு மூலையிலும் சிவப்பு முளை அடித்திருந்த ஒரு சதுரத்துக்குள் நின்றார். போன சுற்றில் பிரகலாதன் கயிறு கட்டிச் செடி எண்ணிய நாலாம் சதுரம். ஒரு மூலையில் மண் கிளறியிருந்தது. பக்கத்தில், பிடுங்காமல் விட்ட நாயுருவி இரண்டு.

அடுத்து ஏழாம் சதுரம். அங்கே மூன்று. பதினோராம் சதுரத்தில் ஒரு குடும்பமே குடியிருந்தது.

"சதுரத்துக்கு வெளியில?" பிரகலாதனின் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்டுமில்ல, சேர். நல்லாத் தேடிப் பாத்தனான்."

"இந்தப் பற்றைக்குள்ள வேற ஆர் வந்தது, அபூதாஹிர் நானா?" என்று கேட்டாள் கஜந்தி.

"ஒருத்தரும் வரல்ல, மிஸ். போன சுற்றில உங்கள ஏத்திக்கொண்டு வந்த அண்டைக்கு நாங்க மூணு பேரும் வந்ததுதான்."

கஜந்தி பழைய படிவங்களைப் புரட்டினாள். திகதியைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"சேர், அண்டைக்கு விடியத் தம்பலகாமத்தில வயல் வரம்பு அளந்துபோட்டு நேர இங்க வந்தனாங்கள். நான் சப்பாத்தும் உடுப்பும் மாத்தினனான். நீங்கள் நேரமில்லையெண்டு சொல்லிப்போட்டு, ஒவ்வொரு சதுரத்திலயும் மூலையில குந்தியிருந்து, களிசான் கால்ல ஒட்டியிருந்ததைப் பிடுங்கிப் பிடுங்கி..."

"எறிஞ்சனான்" என்று பிரகலாதனே முடித்தார்.

முறைப்பாடு கஜந்தியின் கையில் படபடத்தது. அதில் எல்லாம் எழுதியாகிவிட்டது, குற்றவாளியின் பெயர் ஒன்றுதான் பாக்கி. அந்தக் கடதாசி மேலிடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பிரகலாதனுக்கு வேர்த்தது.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார் அபூதாஹிரிடம். 'காணும்' என்ற அதட்டல் எங்கோ காணாமல் போயிருந்தது. "உங்கட பெர்மிட்டெல்லோ போகப் பாத்தது!"

அபூதாஹிர் குனிந்து அந்த நாயுருவிக் குடும்பத்தைப் பிடுங்கத் தொடங்கினார்.

"பெர்மிட் போனா நான் கரைவலை இழுத்தாவது பொழைச்சிருவன், சேர். வேலை போனா நீங்க என்ன செய்வீங்க?"