சனிக்கிழமை ஒத்திகை

மருந்துக் கடை முதலாளி லெசாமா ஷட்டரை முழுதாக இறக்கி, உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை அரைநாள் கடைதான். ஆனாலும் உள்ளே ஆள் இருக்கும்போது அவர் பூட்டியதை அங்கே வேலை பார்க்கும் டெனீஷா பார்த்ததில்லை.

"வெளிச் சத்தம் கேக்காம இருக்கட்டும். இன்டர்வியூ நடக்கிற ரூமும் இப்படித்தான் இருக்கும். போ, கதவுகிட்ட இருந்து நடந்து வா."

பின்னறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகக் கிடந்தன. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை மூக்கைத் துளைத்தது. லெசாமா மனைவியை இழந்தவர். அவர் வீட்டில் நகப்பூச்சு போட யாரும் இல்லை.

"என்ன நொண்டுற?"

"ஷூ கடிச்சிருச்சு சார்."

"திங்கக்கிழமை இன்டர்வியூவுக்கு வாங்கின புது ஷூவா? அதுக்குள்ள போட்டுட்டியா?"

"நேத்து போட்டேன்."

"பல்வலின்னு லீவு சொல்லிட்டு, புது ஷூ போட்டு ஊர்வலமா! சமத்துப் பொண்ணும்மா நீ." சிரித்துக்கொண்டே கசப்புப் பட்டை போட்டுக் காய்ச்சிய மௌபி பானத்தை ஒரு கிளாஸில் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். "குடி. தொண்டை காயும்."

டெனீஷா கிளாஸைத் தொடவில்லை.

ஒத்திகை வையுங்கள் என்று காலையில் அவள்தான் கேட்டாள். பார்மசி படிக்க வேண்டும் என்பது அவளுடைய பள்ளிக்கூடத்து ஆசை. காலேஜில் மதிப்பெண் மட்டும் போதாது, தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் இரண்டு பேர் லெசாமாவோடு படித்தவர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இடம் கிடைக்கவும் செய்யும், பறிபோகவும் செய்யும்.

"முதல் கேள்வி. எதுக்கு இந்தப் படிப்பு?"

"ஜனங்களுக்கு உதவணும்னு..."

"நிறுத்து. எல்லாரும் இதையே பாடினா குழுவுக்குத் தூக்கம்தான் வரும்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்தது. நீ ஒரு மருந்துக் கடையில வேலை பாக்குற. காலாவதியான மாத்திரையில உன் முதலாளி பழைய தேதியை அழிச்சுட்டுப் புதுத் தேதி ஒட்டுறதைப் பாத்துட்ட. என்ன பண்ணுவ?"

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.  வியாழக்கிழமை இதே அறையில் அவர் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார் என்பது இப்போது புரிந்தது.

"முதல்ல அவர்கிட்டத் தனியாப் பேசுவேன். அவராவே சரி பண்ண ஒரு சந்தர்ப்பம் குடுப்பேன். கேக்கலைன்னா பார்மசி கவுன்சில்ல சொல்லுவேன்."

"பேஷ்! புத்தகத்துல இருக்கிறதை அப்படியே ஒப்பிக்கிற." மெதுவாகக் கைதட்டினார். "காட்டிக் குடுக்கிறவளுக்கு எந்தக் காலேஜ்ல இடம் தருவான்? எந்தக் கடையில வேலை தருவான்? அதையும் சேத்து யோசிச்சுக்கோ."

டெனீஷா சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள்.

"கடைசில நம்மளையும் ஒரு கேள்வி கேக்க விடுவாங்களே சார். கேக்கலாமா?"

"தாராளமா."

"மிஸ் ஆட்லி நம்ம கடையிலதான் பிரஷர் மாத்திரை வாங்கினாங்க."

எதிர்ச் சாரியில் டபுள்ஸ் என்கிற கொண்டைக்கடலை ரொட்டி விற்கிறவள் ஆட்லி. ஒரு கையும் காலும் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுடைய தள்ளுவண்டி தார்ப்பாய் போர்த்தியபடி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"தேதி மாத்தின மாத்திரை எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடுறீங்களா சார்? நானும் கூட இருந்து எடுத்துப் போடுறேன். நீங்களே கவுன்சிலுக்குச் சொல்லிட்டா நல்லது."

"அவ டபுள்ஸுல அள்ளிப் போடுற உப்புக்கு நானா பொறுப்பு?"

"சார், கெஞ்சிக் கேக்குறேன். எனக்கு முதல் வேலை குடுத்தவர் நீங்க." அவள் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அவளுக்கு அழுகை வந்தது.

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய் முறையிடும்? லெசாமா மேஜைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். பஞ்சையும் பாட்டிலையும் அவள் முன்னால் வைத்தார்.

"இன்னும் பாதி இருக்கு. உன் கையால அழி. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டை. தங்கமான பொண்ணுன்னு குழுவுக்கு நானே போன் பண்றேன்."

"மாட்டேன்னா?"

"கல்லாவுல கைவெச்சவள்னு போன் பண்ணுவேன். யாரை நம்புவாங்க, என்னையா, உன்னையா?"

 டெனீஷா கையை நீட்டிப் பஞ்சை எடுத்தாள்.

"அப்படி வா வழிக்கு," என்றார் லெசாமா.

அவள் குனிந்து அந்தப் பஞ்சை ஷூவுக்கும் புண்ணான குதிகாலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது. வெளியே ஒரு பெண்குரல்.

"டெனீஷா! நீ அவருக்காகக் கேட்ட அரை மணி முடிஞ்சிருச்சு. கவுன்சில்ல இருந்து வந்திருக்கோம், திறங்க!"

லெசாமாவின் கை தானாகச் சட்டைப்பைச் சாவிக்குப் போயிற்று. "கவுன்சிலா? நீ எப்பம்மா... உனக்குத் திங்கக்கிழமைதானே இன்டர்வியூ?"

டெனீஷா சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"எனக்கு நேத்தே முடிஞ்சிருச்சு சார். இன்னைக்கு நடந்தது உங்களுக்கு."