பனியில் பாடியவர்கள்

"தோருனை நம்ம கொயர்லேர்ந்து நீக்கணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

தேவாலயப் பாடகர் குழுவான அந்தக் கொயரை நடத்தும் குட்லைக் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கைகள் மேலே போய்விட்டன. தோருன் தன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது நார்வேயின் பெர்கன் நகரில் அவள் உத்தியோகம். புதுக் காய்ச்சல் கிளம்பிய அந்த டிசம்பரில், அவள் ஊர்க் கடற்கழியின் இரு கரைத் தேவாலயங்களுக்கும் சுகாதார அலுவலகம் அவள் கணக்கைத்தான் அனுப்பியது. கொயரில் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்து, மூடிய தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாடினால், முக்கால்வாசிப் பேர் படுத்துவிடுவார்கள்.

இந்தக் கரைப் போதகர் பயந்துபோய், கிறிஸ்துமஸ் கச்சேரியைக் கொட்டும் பனியில் படகுத்துறையில் வைத்தார். எதிர்க்கரைக்காரர்கள் சிரித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பாடினார்கள்.

"உதடு விறைச்சு அல்லேலூயாவே வரலை. கேட்க வந்தது கடல்காக்கா மட்டும்தான்!" என்றார் குட்லைக். கொல்லென்று சிரிப்பு. "ரெண்டு வாரமாச்சு, நம்மள்ல யாருக்காவது ஒரு தும்மல் வந்துச்சா? எங்கேம்மா உன் முக்கால்வாசி?"

"வெளியில பாடினதாலதான் வரலை, குட்லைக்."

"அடேங்கப்பா! வந்தாலும் உன் கணக்கு சரி, வராட்டியும் உன் கணக்கு சரி. காபி வண்டலைப் பார்த்துக் குறி சொல்றவகூட இவ்வளவு தைரியமாப் பேச மாட்டா."

படகு ஓட்டும் ஆஸ்பியோர்க் மெல்ல வாய் திறந்தாள். "இந்த வாரம் அந்தக் கரையிலேர்ந்து படகுல யாருமே ஏறலையே..."

"ஜெயிச்ச களைப்பு! தூங்குறாங்க."

அப்போது குட்லைக்கின் போன் அடித்தது. எதிர்க்கரைப் போதகர். குட்லைக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"பெருமையடிக்கத்தான் கூப்பிடுறாரு. எல்லாரும் கேளுங்க. முக்கியமா நீ கேளு, தோருன்." ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜை நடுவில் வைத்தார். "சொல்லுங்க போதகரே! கச்சேரி அமோகமாமே!"

மறுமுனையில் இருமல். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"குட்லைக்... சனிக்கிழமை இங்கே மூணு அடக்கம். பாட எங்க கொயர்ல ஆளில்லை."