எழுபது செக்கன்

“எழுபது செக்கன் எடுக்கிற பழசையே இருக்க விடுங்கோ, தம்பி.”

அன்ரோனெற் இப்படிச் சொன்னதும் நிரோஷனுக்குச் சுருக்கென்றது.

மன்னார்ப் பக்கம் அரிப்புக் கிராமத்து ஐஸ் தொழிற்சாலையின் தொடுதிரைக்குப் புது மென்பொருள் போட என்று கொழும்பிலிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள். பழையது, மின்சாரம் வந்தபின் கண்முழிக்கவே எழுபது செக்கன் எடுக்கும். அவன் ஆறு கிழமை மினக்கெட்டு, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து, நாலே செக்கனில் எழும்புகிற மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தான். முகாமையாளர் அன்ரோனெற்றின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“மிஸ், இஞ்ச ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் கரண்ட் போகுது. திரை வந்தாத்தானே மெஷினைத் திருப்பித் தொடக்கலாம்?”

“எழுபது செக்கனிலை ஐஸ் உருகாது.”

“நாலு செக்கனிலை வாறதை வேண்டாமெண்ட ஆளை நான் இப்பதான் பாக்கிறன்.”

“மன்னார் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நிக்கிற சனம் நாங்கள். இதுக்கு ஒரு நிமிசம் நிண்டாச் செத்தா போவம்?”

புதிது என்றால் பயம். அல்லது பழைய மென்பொருள்காரரிடம் ஏதாவது வாங்கியிருப்பா. நிரோஷன் இரண்டையும் நினைத்தான், இரண்டாவதை நம்பினான்.

“அப்ப ‘மிஸ் மறிச்சவா’ எண்டு கொழும்புக்கு எழுதவேண்டி வரும்.”

“எழுதுங்கோ. முதல் உங்கடையை ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ. சோதனைதானே? கொழும்புக்கு ஒண்டும் போகாதே?”

“போகாது.”

புதியதைப் போட்டு, மெயின் சுவிச்சை அவனே இறக்கினான். மெஷினுக்குப் பொறுப்பான அருளம்மா, ஜெனரேற்றரைப் போடப் பின்பக்கக் கொட்டிலுக்குப் போனார்.

ஜெனரேற்றர் உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரை பளிச்சென்று வந்தது. ‘தொடங்கு’ பட்டன் மினுங்கியது.

நிரோஷன் வெற்றியோடு திரும்பினான். அன்ரோனெற் திரையைப் பார்க்கவே இல்லை.

பத்துச் செக்கன் போனது. திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது: ‘இயக்குபவர் தாமதம்.’

“எங்கை அந்த மனுசி? ஆரோடையும் நிண்டு கதை அளக்கிறாவோ?”

“யன்னலாலை பாருங்கோ.”

பார்த்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, இடது காலை இழுத்து இழுத்து அருளம்மா வந்துகொண்டிருந்தார். வாசலடியில் சுவரை விட்டார். சீலையைச் சரிசெய்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு ஒன்றும் நடக்காதவர்போல நிமிர்ந்து உள்ளே வந்து பட்டனை அமத்திவிட்டு, ஐஸ் அறைக்குள் போனார்.

அன்ரோனெற் குரலைத் தணித்தார்.

“முழங்காலுக்குள்ளை சண்டையிலை பட்ட ஷெல் துண்டு. வேலைக்கு எழுதின விண்ணப்பத்திலை ‘ஒரு காயமும் இல்லை’ எண்டு போட்டிருக்கிறா. நான் கேக்கேல்லை.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா உண்மையைச் சொல்லிப்போடுவா. சொன்னா கொம்பனி வீட்டை அனுப்பிப்போடும். ஊருக்குத் திரும்பி மூண்டு வருசம், அந்த வீட்டிலை சம்பளம் எடுக்கிறது அவ மட்டும்தான்.”

நிரோஷன் ஐஸ் அறைக் கதவைப் பார்த்தான்.

“திரை வருமட்டும் பிந்தினது மெஷின், தம்பி. வந்தாப்பிறகு பிந்தினது அவ. மாசத்திலை மூண்டு சிவப்பு கொழும்புக்குப் போனா ஆளை நிப்பாட்டுவினம். எழுபது செக்கனிலையே இந்த மாசம் ரெண்டு விழுந்திட்டுது. உங்கடை நாலு செக்கனுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?”

அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

“என்ன, கொழும்புக்கு எழுதப்போறீங்களோ?”

அவன் விரல்கள் விசைகளில் ஓடின. கால் மணித்தியாலத்தின் பின் எழும்பிப்போய் மெயின் சுவிச்சை மறுபடி இறக்கினான்.

அருளம்மா கொட்டிலுக்குப் போனார். ஜெனரேற்றர் உறுமியது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, வாசலில் நிமிர்ந்து, திரைக்கு முன்னால் நின்றார். திரை இருட்டாகவே கிடந்தது. இடுப்பில் கை வைத்தார். பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் ஒருவழியாக வெளிச்சம் வந்தது. பட்டனை அமத்தினார். சிவப்பு விழவில்லை.

“தம்பி, குறை நினையாதேங்கோ,” என்றார். “கொழும்பிலையிருந்து வந்து இதையோ செய்தனீங்கள்? முந்தினதை விட இது இன்னும் சோம்பேறியாக் கிடக்கு! நான் வந்து எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நிக்கிறன்!”

“ஓமக்கா,” என்றான் நிரோஷன், தலையைக் குனிந்தபடி. “எனக்கு இவ்வளவுதான் தெரியும்.”