ஓட்டுநரின் முதல் ஆட்டம்

"ஐயோ, என் காலை மிதிக்கிறீங்க!"

"பிரேக்கை மிதிச்சே பழகின காலும்மா. சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

பஸ் ஓட்டுநர் அசடு வழிந்தார். தன் கல்யாண வரவேற்பில் எல்லோரும் ஆடும்போதுகூட, ஓரமாக நின்று அவர்களுடைய கைப்பைகளுக்குக் காவல் இருந்தவர் அவர். இன்று சீருடையைக்கூட மாற்ற நேரமில்லாமல் ஓடிவந்து, மனைவியோடு ஆடிக்கொண்டிருந்தார்.

"பேச்சைக் குறைங்க சார், ஆடுங்க!" என்று அதட்டினார் மூலையில் நின்ற பருத்த பெண்மணி. கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு, கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதுக்கா. பயமா இருக்கு. வீட்டுக்கே போயிடறேன்" என்றாள் மனைவி.

"முதல் தடவை வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. போகும்போது பாரு, வாயெல்லாம் பல்லா இருக்கும்."

"ஆடினா பயம் போயிடுமா?" என்றார் ஓட்டுநர்.

"உடம்பை அசைச்சு, வாய்விட்டுச் சிரிச்சா, உள்ளுக்குள்ள எண்டார்ஃபின்னு ஒண்ணு சுரக்கும் சார். நோவையும் மட்டுப்படுத்தும், மனசையும் லேசாக்கும். எங்கயும் போய் வாங்க வேணாம், நம்ம உடம்பே தரும்."

ஓட்டுநர் துணிந்துவிட்டார். மனைவியின் தோளை ஸ்டியரிங்போல் பிடித்து மெல்லத் திருப்பினார். வாயாலேயே ஹாரன் அடித்தார். "ரைட்டு... ரைட்டு... பின்னால வரலாம்!"

அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். இடையிடையே சட்டென்று நின்று, அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். அப்போது அவரும் நின்ற இடத்திலேயே மெதுவாக அசைந்தார்.

"ம், வண்டியை எடுங்க!" என்று அவளே நிமிர்ந்தாள்.

"பயம் எங்கம்மா போச்சு?"

"பாதி வழியிலேயே இறங்கிடுச்சுங்க."

அடுத்த பாட்டு முடிவதற்குள் அவள் அவர் சட்டையை இறுகப் பற்றினாள். பெண்மணி அவள் முகத்தைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். சுவரோரம் தள்ளியிருந்த கட்டிலை இழுத்துப் போட்டார்.

"ஆடினது போதும். ஏறிப் படும்மா!"

கொஞ்ச நேரத்தில், "மகாலட்சுமி வந்தாச்சு சார்!" என்று அந்த மருத்துவச்சி நீட்டிய குட்டித் துணிப்பொதியை வாங்கி மார்போடு அணைத்த ஓட்டுநர், பிரசவ அறை நடுவே பாட்டே இல்லாமல் ஆடத் தொடங்கினார்.