பூ இல்லாத தொட்டி

"கல்யாணம் முடிஞ்சதும் இந்தப் பூவெல்லாம் எங்கப்பா போகும்?"

மேடை அலங்காரக்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை.

"அதது வீட்டுக்குப் போயிடும் கண்ணு" என்றார் அவர். மண்டபத்தின் பின்வாசலில் குப்பை லாரி நின்றுகொண்டிருந்தது. அது கண்ணில் படாதபடி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மகள் அந்தப் பொய்யை மறக்கவே இல்லை. தன் கல்யாணப் பேச்சு முடிவானதும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பறித்த பூ வேண்டாம். தெர்மாகோல் வேண்டாம். ஒரு நாள் கூத்துக்கு வாங்கி மறுநாள் எறிகிற எதுவும் வேண்டாம். தெருவில் இருக்கிற தொட்டிச் செடிகளை இரவல் வாங்கி மேடை கட்ட வேண்டும்; முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"நீங்க சொன்னது உண்மையாகட்டுமேப்பா. நிஜமாவே எல்லாப் பூவும் வீட்டுக்குப் போகட்டும்."

அவரோ ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பூவை மலையாகக் குவித்தவர். சொந்த மகளின் மேடை சோபிக்காவிட்டால், இனி யார் அவரை நம்பி ஒரு மேடையை ஒப்படைப்பார்கள்?

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பத்திரிகையில மண்டபம்னு போடாதீங்க சம்பந்தி, நர்சரின்னு போடுங்க!"

ஆனாலும் அலங்காரக்காரர் கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கிவிட்டார். அவருக்கு முன்னால் அவர் வண்டியின் கிறீச்சுச் சத்தம் வந்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அன்று சத்தம் கேட்டதுமே கதவுகள் திறந்தன. செம்பருத்தி வந்தது, காகிதப்பூ வந்தது, குட்டி ரோஜா வந்தது.

தெருக்கோடியில் தையல்கார அக்காவின் வீடு. அவர் வாய் திறப்பதற்குள் அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

"என் நந்தியாவட்டையா? அது மொட்டு விட்டே வருஷக்கணக்காச்சு தம்பி. கிழடு தட்டிப்போச்சு, என்னை மாதிரி. மேடையில வெச்சு உன் பேரைக் கெடுத்துக்காதே."

"இலையும் அழகுதான்க்கா" என்று சொல்லிக்கொண்டே தொட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டினார். மிச்சக் கயிற்றை நறுக்க, தையல் மெஷின் மேலிருந்த கத்தரியை நோக்கிக் கை போனது.

"ஐயோ, அதைத் தொடாதே! துணியைத் தவிர எதை வெட்டினாலும் முனை போயிடும். ஏற்கெனவே ஒரு தடவை கெட்டது, இன்னைக்கு வரைக்கும் துணியைக் கடிச்சுத் துப்புது."

நூல் பிரியாமலிருக்கத் துணியின் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டுகிற கத்தரி அது. அதைக் கொண்டு ஒரு காகிதத்தை நறுக்கக்கூட அக்கா யாரையும் விட்டதில்லை. அவர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மேடை எழுந்தது. செடிக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. எதன் முகம் எது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தார். பூத்ததெல்லாம் இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறியது. மணப்பெண்ணின் நாற்காலிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில், வெறும் இலையாக நந்தியாவட்டை.

பார்வையிட வந்த சம்பந்தியின் முகம் மலர்ந்து, அங்கே வந்ததும் சுருங்கியது. "எல்லாம் ஜோர். நடுவுல இந்த மொட்டைச் செடி எதுக்கு? பின்னால தள்ளிடுங்க."

யார் என்ன மாற்றச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் மாற்றிப் பழகியவர் அவர். "மத்ததை எங்க வேணா மாத்தறேன் சம்பந்தி. அது அங்கதான் இருக்கும்."

சம்பந்தி போன பிறகு மகள் மெல்லக் கேட்டாள். "ஏன்ப்பா?"

"அது நமக்கு ஏற்கெனவே பூத்துடுச்சும்மா."

மறுநாள் கல்யாணத்தில் தெருவே தன் தன் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. "நம்ம வீட்டு ரோஜாவுக்கு வந்த வாழ்வைப் பாருடி!" என்று ஒருத்தி பூரித்துப்போனாள். சம்பந்தியே யாரிடமோ, "எல்லாம் எங்க சம்பந்தி கைவேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில், தெரு எழுந்திருக்குமுன், அவர் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் தொட்டியை இறக்கி, நன்றிக்கு ஒரு பொட்டலம் உரம் வைத்தார்.

கடைசியாக அக்கா வீடு. நந்தியாவட்டைக்குப் புது மண் போட்டிருந்தார். அதைப் பழைய இடத்தில் வைத்தார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு முகூர்த்த நாளில்தான் அவர் மனைவி கண்ணை மூடினாள். அவரிடமிருந்த பூவெல்லாம் ஏதோ ஒரு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தது. ஊருக்கே பூ கொடுத்தவர், அவளுக்கு ஒரு பூ இல்லாமல் உட்கார்ந்திருந்தார். விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கூடை நிறைய வெள்ளைப் பூ. கடவுள்தான் அனுப்பினார் என்றார்கள். அதில் அவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பூக்களோடு வந்திருந்த இலைகளின் ஓரம் பல்பல்லாக வெட்டுப்பட்டிருந்தது.

அக்கா அன்று கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறைத்துக் கொடுத்ததை வெளிச்சம் போட்டுத் திருப்பித் தரலாமா? இத்தனை வருஷமாக ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

உரப் பொட்டலத்துக்கு அடியில், துணியில் சுற்றிய புதுப் பல் கத்தரியை வைத்தார். கதவைத் தட்டவில்லை.

சக்கரத்துக்கு நேற்றே எண்ணெய் விட்டிருந்தார். தெருமுனை திரும்பும்வரை வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.